கண்ணாடி அடைப்பு வினாவுக்கு விளிம்பை முதலில் வரையுங்கள்

திரவியவியல் வினாத்தாளின் பெறுபேறு நேற்று வெளிவந்தது. இரண்டாந் தடவையில் சித்தியடைந்துவிட்டேன். மீளத் தோற்றுபவருக்கு எங்கள் பிரிவில் 'சி'க்கு மேல் இல்லை என்பது இன்னும் வலிக்கிறது.

கடந்த ஆண்டு நான் படிக்காமல் போகவில்லை. திண்ம ஒட்சைட்டு எரிபொருட் கலத்தில் (எரிபொருளையும் வளியையும் கொண்டு உயர் வெப்பநிலையில் மின் தரும் கலம்) உள்ள சேர்க்கோனியா மின்பகுபொருளின் வெப்ப விரிவுக் குணகம் கெல்வினுக்கு 10.5 × 10⁻⁶, கலங்களை இணைக்கும் பெரைற்று உருக்கினது 11 முதல் 12 என்று மனனமாக இருந்தது. வினாவோ, 800 பாகை செல்சியசில் நெடுங்காலம் இயங்கிய அத்தகைய தட்டைக் கலத்தில், எரிபொருளும் வளியும் கலவாமல் தடுக்கும், குணகம் நன்கு பொருந்திய பேரியம் அலுமினோசிலிக்கேற்றுக் கண்ணாடி அடைப்பு, வளி படும் விளிம்பில் மட்டும் ஏன் கழன்றது என்பது. நான் இரண்டு பக்கத்துக்கு அட்டவணை எழுதினேன். 25 புள்ளிகளில் 6 கிடைத்தது.

விடை விளிம்பிலேயே இருந்தது. உருக்கில் ஏறத்தாழ 22 சதவீதம் குரோமியம் உண்டு. அதன் ஒட்சைட்டுப் படை, ஒட்சிசன் எட்டும் இடத்தில், கண்ணாடியின் பேரியத்துடன் தாக்கமுற்று மஞ்சள் நிறப் பேரியம் குரோமேற்றைத் தருகிறது. அதன் குணகம் 18க்கும் மேல் என்பதால், குளிரும்போது அது மட்டும் கூடுதலாகச் சுருங்கி இடைமுகத்தைப் பிளக்கிறது. உட்புறத்தில் வளி இல்லை, ஆகவே குரோமேற்றும் இல்லை.

ஆகையால் எழுதத் தொடங்குமுன் ஐந்து நிமிடம் குறுக்குவெட்டை வரைந்து, அடைப்பின் ஒவ்வொரு முகத்தையும் எது தொடுகிறது என்று குறித்துவிடுங்கள்: வளி, நீராவி கலந்த எரிபொருள், உருக்கு, சேர்க்கோனியா. இம்முறை நான் செய்தது இவ்வளவே.

மற்றவை சுருக்கமாக:

போரன் ஒட்சைட்டு கண்ணாடியை இளக்கும். எரிபொருட் பக்கத்தில் நீராவியோடு வெளியேறும்.

கண்ணாடியில் சோடியமும் பொட்டாசியமும் இருந்தால் உருக்கின் குரோமியம் ஆவியாவதைக் கூட்டும், தவிருங்கள்.

இக்கண்ணாடி பளிங்காகும்போது தோன்றும் எக்சாசெல்சியன் பளிங்கின் குணகம் ஏறத்தாழ 8; காலப்போக்கில் அது ஒற்றைச்சரிவுச் செல்சியனாக மாறினால் 2 அல்லது 3.

குளிரும்போது எழும் தகைப்பைக் கண்ணாடி நிலைமாறு வெப்பநிலையிலிருந்து கணியுங்கள், 800இலிருந்து அன்று. அதற்கு மேலே கண்ணாடி இளகித் தகைப்பைத் தளர்த்திவிடும்.

குணகம் எனக்கு உண்மையில் விளங்கியது உலையடியில்தான். நுணுக்குக்காட்டிக் கண்ணாடித் துண்டுகளை, காந்தம் ஒட்டும் (பெரைற்று) உருக்கிலும் ஒட்டாத உருக்கிலும் வைத்து உருக்கினேன். குளிரும்போது, சுருக்கம் கூடிய இரண்டாவதிலிருந்து கண்ணாடி 'டிக், டிக்' என்று செதில் செதிலாகத் தெறித்தது. அந்த இரண்டு தகடுகளும் என்னிடம் இருக்கின்றன. அடுத்த அணித் தம்பி, தங்கைமார் கேட்டால் தருவேன்.