எதிர்சேவை வழியில் மோர்ப்பந்தல் போடுகிறவர்களுக்கு

சித்ரா பௌர்ணமிக்கு முந்தின நாள், வைகையில் இறங்க வரும் அழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையன்று, மதுரை மூன்றுமாவடியில் நின்று வடக்கே பார்த்தால் அழகர்கோயில் சாலை முழுக்கத் தலைகள்தான். சர்க்கரைச் சொம்போடு பெண்கள், கருப்பசாமி வேடத்தில் சல்லடமும் சாட்டையுமாக ஆண்கள், சாமி மேல் தண்ணீர் பீய்ச்சத் தோளில் தோல்பை தொங்கப் பையன்கள். வெயில் 40 டிகிரியை ஒட்டி அடிக்கும். இத்தனை பேரும் ஊர் வந்து சேர்வது வழியில் யாரோ நீட்டுகிற ஒரு டம்ளர் மோரால்தான். அந்த மோரைச் சரியாகக் கொடுப்பது எப்படி என்று எழுத வேண்டும் என்று தோன்றியது. முதன்முறையாகப் பந்தல் போடும் இளவட்டங்கள் ஒவ்வொரு வருஷமும் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள்.

முதலில் நாள் கணக்கு. இது ஒரே விழா போலத் தெரிந்தாலும் மீனாட்சி கோயில், அழகர்கோயில் என்று இரண்டு கோயில்களின் இரண்டு விழாக்கள். மீனாட்சி கோயிலில் கொடியேறிப் பத்தாம் நாள் திருக்கல்யாணம், பதினோராம் நாள் தேர். பெரும்பாலும் தேரன்றைக்கே இந்தப் பக்கம் எதிர்சேவை. மறுநாள் விடியற்காலை அழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குவார். 2024-ல் இது ஏப்ரல் 23, 2025-ல் மே 12. பௌர்ணமியை ஒட்டி நாள் இப்படி நகர்வதால் போன வருஷத்துத் தேதியை நம்பிப் பால்காரரிடம் தயிர் சொல்லி வைக்காதீர்கள். அழகர் தம் கோயிலை விட்டுப் புறப்படுவது எதிர்சேவைக்கு முந்தின நாள் மாலை. இருபது கிலோமீட்டர் சொச்சம் தூரத்தைக் கடக்க ஓர் இரவும் ஒரு பகலும் ஆகிறது.

ஏன் அவ்வளவு நேரம்? வழி நெடுக மண்டகப்படிகள், அதாவது சாமி நின்று பூஜை ஏற்கும் இடங்கள். நானூறுக்கும் மேல். ஒவ்வொன்றிலும் ஐந்தே நிமிஷம் நின்றாலும் 400 மண்டகப்படிக்கு 33 மணி நேரம். போக வர எல்லா நாளிலுமாக அவை பங்கு பிரிந்து கிடப்பதால்தான் விழா நடக்கிறது. கிராமங்கள், சமுதாயங்கள், வியாபாரிகள், குடும்பங்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு.

மண்டகப்படி மட்டுமில்லை, விழாவே பங்கு வைத்ததுதான். மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுக்கத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வருகிறார். சைவக் கோயில் கல்யாணத்தில் பெண்ணைக் கொடுப்பது பெருமாள். அழகர் சூடிக்கொண்டு ஆற்றில் இறங்கும் மாலை ஆண்டாள் சூடிக் களைந்தது, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தல்லாகுளம் வந்து சேரும். பெருமாளின் கோலமோ கள்ளர் கோலம்: கொண்டை, கண்டாங்கி, கையில் வளைதடி, சாட்டை. மலையை விட்டுக் கிளம்பும்போது பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் கிளம்புகிறார். ஆற்றில் அவரை எதிர்கொள்வது வெள்ளிக் குதிரையில் வரும் வீரராகவப் பெருமாள். ஆற்றிலிருந்து வண்டியூர் போய்த் தங்குவதை, துலுக்க நாச்சியார் வீட்டுக்குப் போகிறார் என்று சொல்வது மதுரை மக்களின் வழக்கு. மறுநாள் தேனூர் மண்டபத்தில், சாபத்தால் தவளையான மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம். முன்பு அழகர் விழா நடந்தது தேனூரில்; திருமலை நாயக்கர் காலத்தில்தான் அது மதுரைக்கு வந்தது என்பார்கள். மண்டபத்தின் பெயரில் அந்த ஊர் இன்னும் இருக்கிறது. அழகர் தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குப் பிந்தி வந்து கோபித்துக்கொண்டு திரும்பினார் என்ற கதையும் முனிவர் கதையும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. ஒன்று பொய், மற்றது நிஜம் என்று இங்கே யாரும் மல்லுக்கு நிற்பதில்லை.

ஆனால் பங்கு என்று வந்தால் மரியாதை என்பதும் வரும். யாருக்கு முதல் பரிவட்டம், யார் வாசலில் சாமி நிற்கும் என்று ஊர்களில் சண்டை வந்து கோர்ட் வரைக்கும் போவது எல்லோருக்கும் தெரிந்ததே. மோர்ப்பந்தலில் பரிவட்டம் கிடையாது, மாலை கிடையாது. நீ யார், எந்த ஊர் என்று கேட்காமல் கொடுக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். அதனால்தான் அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

இனி அளவு. ஒரு லிட்டர் தயிருக்கு நான்கு லிட்டர் தண்ணீர். ஐந்து லிட்டர் ஊற்றினால் வெறும் புளித்தண்ணீர். மூன்று ஊற்றினால் கெட்டியாகித் தாகம் அடங்காது, நடக்கிறவனுக்கு வயிறு மந்தமாகிவிடும். 200 லிட்டர் மோருக்கு 40 லிட்டர் தயிர், 160 லிட்டர் தண்ணீர், அதாவது 20 லிட்டர் கேன் எட்டு. உப்பு லிட்டருக்கு 7 கிராம், ஆக 1 கிலோ 400 கிராம். வேர்த்து வருகிறவர்களுக்கு இது குறையக் கூடாது. இஞ்சி ஒரு கிலோ, பச்சைமிளகாய் அரை கிலோ, பெருங்காயத்தூள் 50 கிராம், கறிவேப்பிலையும் மல்லித்தழையும் கை நிறைய. 150 மில்லி வீதம் ஊற்றினால் சுமார் 1,300 டம்ளர் வரும். பெரிய கணக்காகத் தெரியும். இரண்டு பேர் நின்று நிமிஷத்துக்கு ஆளுக்குப் பத்து டம்ளர் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் 180 லிட்டர் போய்விடும். சாமி பக்கத்தில் வரும் நேரத்தில் அந்த வேகம்தான் இருக்கும்.

எனவே 200 லிட்டரையும் காலையிலேயே கலக்கி வைப்பதுதான் பெரிய தவறு. கலக்கிய மோர் வெயிலில் மூன்று மணி நேரத்தில் புளித்துவிடும், மேலே தண்ணி பிரிந்து நிற்கும். அரைத்த இஞ்சி அதில் ஊற ஊறக் கசப்பு ஏறும். தயிரைக் கெட்டியாகவே மூடி, பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் அடுக்கி வையுங்கள். இஞ்சி மிளகாய் விழுதைத் தனி டப்பாவில் ஐஸ் மேலேயே வையுங்கள். ஒரு தடவைக்கு 50 லிட்டர்: பத்து லிட்டர் தயிரை மத்தால் நன்றாகக் கடைந்து, உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றி, விழுதைத் துணியில் கட்டிப் பிழிந்து, பிறகு தண்ணீர். கடையாமல் தண்ணீர் ஊற்றினால் தயிர் திட்டுத்திட்டாக மிதக்கும், முதல் டம்ளரில் தண்ணீரும் கடைசி டம்ளரில் கட்டியும் போகும். விழுதை வடிகட்டாவிட்டால் அண்ணாந்து குடிக்கிறவர் தொண்டையில் மிளகாய் விதை போய் மாட்டும். குழந்தைகளுக்கென்று மிளகாய் போடாத மோர் ஒரு குடம் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

ஐஸை மோருக்குள் போடாதீர்கள். பெட்டிக்கடை வாசலில் கோணியில் சுற்றி வந்து இறங்கும் பார் ஐஸ் மீன் வைப்பதற்காகச் செய்தது. அது எந்தத் தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது. ஆயிரம் பேர் வயிற்றுக்கு நீங்கள்தான் பொறுப்பு. அன்னதானமோ நீர்மோரோ, கொடுக்கும் முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிட வேண்டும்.

வெறும் தண்ணீருக்கு மண்பானை போல வேறில்லை. மானாமதுரைப் பானை கிடைத்தால் விசேஷம். வாங்கிய நாளே ஊற்றிவிடக் கூடாது. இரண்டு நாள் தண்ணீர் நிரப்பி மாற்றி மாற்றி ஊற வைத்தால்தான் மண்வாசனை போகும். ஈர மணலைக் குவித்து அதன்மேல் வைத்துச் சுற்றிலும் நனைத்த துணி கட்டினால் காற்றுப்பட்டுச் சில்லென்று இருக்கும். ஆனால் மோரை மண்பானையில் ஊற்றாதீர்கள். பானை கொழுப்பைக் குடித்துக்கொள்ளும், மறுநாள் எவ்வளவு கழுவினாலும் நாறும். மோருக்கு எவர்சில்வர் அண்டாதான்.

டம்ளர். பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் இரண்டும் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. எவர்சில்வர் டம்ளர் 150, கழுவ மூன்று வாளி, கழுவ மட்டுமே இரண்டு ஆள். முதல் வாளியில் அலசல், இரண்டாவதில் சபீனா, மூன்றாவதில் நல்ல தண்ணீர். அரை மணிக்கொருமுறை மூன்றையும் மாற்ற வேண்டும். கழுவ ஆள் இல்லாமல் போவதால்தான் பல பந்தல்கள் மதியத்துக்குள் கப்புக்கு மாறிவிடுகின்றன. கொடுக்கிற வேலைக்கு நிற்க எல்லோரும் வருவார்கள். கழுவுகிற வேலைக்கு முன்னாடியே பெயர் எழுதி வையுங்கள்.

எல்லோருக்கும் ஒரே டம்ளர். பெரிய மனுஷருக்குக் கண்ணாடி டம்ளர், தட்டில் வைத்துக் கொடுப்பது, சேர் போட்டு உட்கார வைப்பது எதுவும் வேண்டாம். டீக்கடையில் தனிக் குவளை வைத்திருந்த காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்த ஜில்லாவில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்; அவர்களும் இந்தச் சாலையில்தான் நடந்து வருகிறார்கள். இன்னொன்று, பேனர். சமுதாயத்தின் பெயரைப் பத்தடி உயரத்துக்கு எழுதி நடுவில் தலைவர் படமும் போட்டால், வேறு ஆள் ஒருவர் வாசலில் ஒரு விநாடி தயங்குவார். அந்தத் தயக்கம் வந்துவிட்டால் பந்தல் போட்டும் பிரயோசனமில்லை. ‘நீர்மோர்’ என்று எழுதினால் போதும். விழா நாட்களில் இஸ்லாமியர்களும் நீர்மோர் கொடுக்கிறார்கள். அங்கே வேஷம் கட்டிய கருப்பசாமி சாட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போவதைப் பார்க்கலாம்.

பந்தலைச் சாலையின் கழுத்தான இடத்தில் போடாதீர்கள். 2022-ல் அழகர் ஆற்றில் இறங்கிய நேரத்து நெரிசலில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். குறுகலான திருப்பம், பாலத்து முனை, படிக்கட்டு பக்கம் ஆகாது. சாலையோரத்திலிருந்து பத்துப் பதினைந்து அடி உள்ளே தள்ளிப் போடுங்கள். வாங்க ஒரு பக்கம், வெளியேற மறுபக்கம். வாங்கியவர் வந்த வழியே திரும்பினால் பத்தே நிமிஷத்தில் அடைசல்தான்.

பானகம் கொடுக்க நினைத்தால் பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ வெல்லம், 40 கிராம் சுக்கு, 15 கிராம் ஏலக்காய், பத்து எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. வெல்லத்தைத் தனியே கரைத்துத் துணியில் வடிகட்டாவிட்டால் அடியில் மண் தங்கும். மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்க முடியாது, நுரைத்துவிடும்.

சர்க்கரைச் சொம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், பந்தலில் வந்து நிற்பவர்கள் பாதிப் பேர் கையில் அது இருக்கும். பித்தளைச் சொம்பில் சர்க்கரையை வாய் வரை அழுத்தி நிரப்ப வேண்டும். அரைகுறையாக நிரப்பினால் மேலே மூடும் வாழையிலை குழிந்து, சூடம் உருகி உள்ளே இறங்கிச் சர்க்கரை கருகும். இலையைத் தணலில் லேசாக வாட்டிக்கொண்டால் மடிக்கும்போது கிழியாது. கழுத்தைச் சுற்றி வாழைநாரால் இறுக்கிக் கட்டி நடுவில் சின்ன சூடம் ஒன்று மட்டும். பெரிய கட்டியை வைத்தால் சொம்பு சுட்டுக் கை நழுவும். நெரிசலில், அதுவும் பாலியெஸ்டர் புடவைக்குப் பக்கத்தில், அது ஆபத்து. சேவை முடிந்ததும் இலையைப் பிரித்து அந்தச் சர்க்கரையைப் பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர் கையில் போடுவார்கள். உங்கள் பந்தலில் சூடம் ஏற்றியபடி யாரையும் உள்ளே விடாதீர்கள். மேலே கட்டியிருப்பது துணி.

தோல்பைக்காரர்கள் தண்ணீர் கேட்டு வருவார்கள், தாராளமாக நிரப்பிக் கொடுங்கள். ஆட்டுத்தோல் பை காய்ந்திருந்தால் விறைத்துக் கிடக்கும். முதல் நாள் இரவே ஊறப் போட்டு, தையல் மேல் எண்ணெய் தடவியிருந்தால்தான் அக்குளில் வைத்து அமுக்கும்போது குழாய் வழியாகச் சீராகப் பீய்ச்சும். வேலை முடிந்ததும் நிழலில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும், வெயிலில் போட்டால் வெடித்துவிடும். தண்ணீரில் வாசனைப் பொடியோ வேறு மருந்தோ கலக்கக் கூடாது. மோட்டார் வைத்து அடிப்பது சாமியைச் சுமந்து நிற்பவர்கள் முகத்தில் அறைகிறது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024-ல் அதைத் தடுத்து, பாரம்பரியத் தோல்பைதான் என்று சொன்னது நல்ல காரியம்.

கடைசியாக, பந்தலை எப்போது பிரிப்பது. பெரும்பாலோர் அழகர் ஆற்றில் இறங்கிய அன்றே மூங்கிலை அவிழ்த்துவிடுகிறார்கள். வண்டியூர், தேனூர் மண்டபம், ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம், தல்லாகுளத்தில் பூப்பல்லக்கு என்று சாமி இன்னும் சில நாள் இந்தப் பக்கம்தான் இருக்கிறார். பிறகு அதே சாலையில் மலைக்குத் திரும்புகிறார். திரும்பும் நாளில் கூட்டம் குறைவு, பந்தல்களும் குறைவு, வெயில் அதே வெயில். கூடவே நடப்பவர்களில் வயசானவர்கள் அதிகம். மொத்தத் தயிரில் பத்து லிட்டருக்கான பணத்தை முதலிலேயே ஒதுக்கி, அந்த நாளுக்குத் தனியாகச் சொல்லி வையுங்கள். ஒரு மேஜை, ஒரு அண்டா, இரண்டு ஆள் போதும். உப்பை மட்டும் குறைக்காதீர்கள்.