48 கே-வுக்குள் அலமைன்: ஐந்து மாத வேலை

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் தரப்பும் ஜெர்மன், இத்தாலியப் படைகளும் எகிப்துப் பாலைவனத்தில் மோதிய எல் அலமைன் போரை, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமுக்கான வியூக ஆட்டமாக எழுதத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம்தான் எதிரிப் படை முதல் முறையாக யோசித்து நகர்ந்தது. மறப்பதற்குள் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

ஸ்பெக்ட்ரம் 1982-ல் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர். இசட்80 பிராசசர், 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகம், 48 கே (கிலோபைட்) நினைவகம். அதிலும் 6,912 பைட்டைத் திரையே எடுத்துக்கொள்ளும். இந்த இடத்துக்குள் எந்தப் போர் அடங்கும் என்று நிறைய நாள் தேடினேன். அலமைனில் வடக்கே மத்தியதரைக் கடல், தெற்கே டாங்கிகள் போக முடியாத கத்தாரா பள்ளம், நடுவில் சுமார் 60 கிலோமீட்டர் பாலைவனம். பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போக வழியே கிடையாது. வரைபடத்துக்கு மேலும் கீழும் எல்லை தானாகவே அமைந்துவிட்டது. கட்டத்துக்கு 2 கிலோமீட்டர் என்று வைத்தால் மேலிருந்து கீழே 32 கட்டம் போதும். 1942 அக்டோபர் 23 இரவு பிரிட்டிஷ் தாக்குதல் தொடங்கியது, நவம்பர் 4-ல் ஜெர்மன் தளபதி ரோம்மல் பின்வாங்கினார். நாளுக்கு ஒரு சுற்று வீதம் 13 சுற்று.

அகலத்தில் 64 கட்டம் வைத்தேன். மொத்தம் 2,048. ஸ்பெக்ட்ரமோடு வரும் எளிய நிரல்மொழியான பேசிக்கில் ஓர் எண்ணுக்கு 5 பைட் என்பதால் வரைபடம் மட்டுமே 10,240 பைட்டை விழுங்கியது. நிலத்தில் மணல், மேடு, பாதை, கடல் என்று 16 வகைக்கு மேல் வராது. அப்படியானால் கட்டத்துக்கு அரை பைட் போதும். பிராசசருக்கு நேரடியாகக் கட்டளை எழுதும் அசெம்பிளிக்கு மாறி இரண்டிரண்டாக அடுக்கியதில் 1,024 பைட்டில் முடிந்தது. ஒரே இரவில் 9 கே மிச்சம்! அந்த இடத்தில்தான் எதிரியின் மூளையை வைத்திருக்கிறேன்.

ஸ்பெக்ட்ரம் திரையில் எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறம்தான் வரும். ஓடிப் பாயும் ஆட்டங்களுக்கு இது பெரிய தொல்லை. எனக்கு இதுவே வசதி. பின்னணி நிறம் நிலத்தைக் காட்டுகிறது, முன்னணி நிறம் எந்தப் படை என்று சொல்கிறது.

சரி, எதிரிக்கு வருகிறேன். பேசிக்கில் எழுதியபோது ஜெர்மன், இத்தாலியப் படைகள் ஒரு சுற்று யோசிக்க 1 நிமிடம் 40 விநாடி ஆனது. அசெம்பிளியில் அது ஏழெட்டு விநாடிக்கு வந்தது. அதுகூட ஆடுபவருக்குக் காத்திருப்புதான். இதற்கு வழி 1981-லேயே இருந்திருக்கிறது. கிறிஸ் கிராஃபோர்ட் அட்டாரிக்கு எழுதிய 'ஈஸ்டர்ன் ஃபிரன்ட்' ஆட்டத்தில், மனிதர் கட்டளை கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் பின்னால் யோசித்துக்கொண்டிருக்கும். மனிதர் எவ்வளவு நேரம் எடுக்கிறாரோ, அதற்கும் அவ்வளவு நேரம். இதைவிட அழகான யோசனையை நான் பழைய ஆட்டங்களில் பார்த்ததில்லை.

ஸ்பெக்ட்ரமில் விநாடிக்கு 50 இன்டரப்ட் வரும்; அதாவது ஓடும் வேலையைச் சற்று நிறுத்தி வேறொரு சிறு வேலையைச் செய்யவைக்கும் குறுக்கீடு. சாவி அழுத்துவதைக் கவனிப்பது, கர்சரை நகர்த்துவது எல்லாவற்றையும் அதற்குள் போட்டேன். மீதி நேரம் முழுக்க எதிரிக்கு. இரு பக்கக் கட்டளைகளும் சுற்றின் முடிவில் ஒன்றாக நடப்பதால் யாரும் யாரையும் எட்டிப் பார்க்க முடியாது.

அப்புறம் ஒரு நாள் ஆஸ்திரேலிய 9-வது டிவிஷன் கடலுக்குள் நின்றது. நிஜப் போரில் அது கரையோரமாக, வடகோடியில் இருந்த படை. என் ஆட்டத்திலும் அங்கேதான் வைத்திருந்தேன். ஆனால் அதை வடக்கே போகச் சொல்லி நான் கட்டளை கொடுக்கவே இல்லை. திரும்ப ஆடினால் வரவில்லை. பத்து முறைக்கு ஒரு முறை வந்தது. எட்டு மாலைகள் போயின. கடைசியில் ஸ்பெக்ட்ரம் போலவே நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளில் நிரலை வரி வரியாக ஓட்டியபோது பிடிபட்டது. எதிரி யோசிக்கும்போது, எந்தப் படைக்காக யோசிக்கிறது என்ற முகவரி பிராசசருக்குள் இருக்கும் ஐஎக்ஸ் என்ற ரெஜிஸ்டரில், அதாவது சிறு சேமிப்பிடத்தில், இருக்கும். சரியாக அந்த நேரத்தில் நான் சாவியை அழுத்தினால், கர்சர் வேலையும் அதே ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு, கர்சருக்குக் கீழே இருக்கும் படையின் முகவரியை அதில் விட்டுவிட்டுப் போகிறது. எதிரி தன் டாங்கிக்கு எழுத வேண்டிய 'வடக்கே போ' என்பதை ஆஸ்திரேலியர்களுக்கு எழுதிவிட்டது. இன்டரப்டுக்குள் நுழையும்போது ரெஜிஸ்டரைப் பத்திரப்படுத்த ஒரு புஷ், வெளியேறும்போது திரும்ப எடுக்க ஒரு பாப். நான்கே பைட்டில் சரியானது.

அடுத்துச் சேர்த்தது எரிபொருள். இந்தப் போரில் ரோம்மலைக் கட்டிப்போட்டதே பெட்ரோல் பற்றாக்குறைதான். ஒவ்வொரு படைக்கும் ஒரு பைட். கட்டத்துக்குக் கட்டம் அது குறையும், நிரப்பக் கொஞ்சம்தான் வரும். அக்டோபர் 26-ல் ரோம்மல் 21-வது பான்சர் (டாங்கி) டிவிஷனைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுவந்தார், திரும்பிப் போக எரிபொருள் இருக்காது என்று தெரிந்தே. இதை நான் நிரலில் எங்கும் எழுதவில்லை. தாக்குதல் எங்கே பலமாக இருக்கிறது, அங்கே போக எவ்வளவு செலவாகும் என்று எடைபோட மட்டுமே சொல்லியிருந்தேன்.

போன சனிக்கிழமை இரவு, ஐந்தாவது சுற்றில், தெற்கே நின்ற அந்த டிவிஷன் கிளம்பியது. கட்டம் கட்டமாக வடக்கே ஏறி, என் படைகளுக்கு எதிரே வந்து நின்றது. ஆட்டத்தை நிறுத்தி அதன் எரிபொருள் பைட்டைப் பார்த்தேன். 3.