ஒற்றைச் சிகரட்டும் ஒரு பிளேன்டீயும்

கொழும்பில் இந்தக் கிளினிக்குக்கு வந்த புதிதில், சிகரட் குடிப்பவர் யாராக இருந்தாலும் என்னிடம் ஒரே பாட்டுத்தான். கறுத்த நுரையீரல் படத்தை மேசையில் வைத்து, "விடாவிட்டால் இப்படித்தான்" என்று தொடங்குவேன். தலையாட்டுவார்கள். பிரஷர் குளிசையை வாங்கிக்கொண்டு போய் வாசலில் நின்று பற்றவைப்பார்கள்.

அந்தப் படத்தை மடித்து வைக்கச் செய்தவர், புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் ஒரு நாட்டாமி ஐயா. "பெட்டியிலேயே இப்படிப் படம் இருக்காமே மிஸ். நான் ஒத்தையாத்தான் வாங்குறேன், பெட்டியைப் பாக்குறதே இல்ல" என்றார். பெட்டியின் 80 சதவீதத்தைப் படம் மூட வேண்டும் என்பது 2015இலிருந்து நடைமுறை. உதிரியாக வாங்குகிறவருக்கு அதனால் என்ன?

ஒரு பழக்கத்தை விடுகிறவர் கடக்கும் கட்டங்களாக உளவியலாளர்கள் புரோசாஸ்காவும் டிக்ளமென்டியும் வகுத்த 'மாற்றத்தின் படிகளை'ப் பயிற்சியில் படித்திருந்தேன். விடும் நினைப்பே இல்லாதவர், யோசிப்பவர், ஆயத்தமாகிறவர் என்று போகும். பரீட்சையோடு சரி. இப்போது அது ஞாபகம் வந்தது. "விடுற எண்ணம் இருக்கா ஐயா?" என்று கேட்டேன். இல்லை என்றார். வற்புறுத்தவில்லை. எந்தச் சிகரட் இல்லாவிட்டால் முடியவே முடியாது என்று மட்டும் கேட்டேன். விடியக்காலை எழும்பியதும் பிளேன்டீயோடு குடிக்கிற முதலாவதாம். எழுந்த அரை மணிக்குள் சிகரட் தேடுவது நிக்கொட்டின் பிடி இறுகியதன் அடையாளம். அதைச் சொன்னேன், ஆள் சிரித்தார்.

படிகள் கைவந்துவிட்ட மிதப்பில் ஒரு பிழையும் விட்டேன். ஓட்டோ ஓட்டும் ஒரு தம்பி, மனைவி பிள்ளைத்தாச்சி. அவர் சொன்னதைப் பாதி கேட்டு 'யோசிப்பவர்' என்று குறித்துக்கொண்டு, நன்மை தீமையை எழுதிப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் வரச் சொன்னேன். கதவடியில் திரும்பி, "அப்ப இன்னைக்கு மருந்து ஒண்டும் இல்லையா மிஸ்?" என்றார். அன்றைக்கே விட வந்த மனிதர்! ஓடிப்போய்க் கூட்டிவந்து டொக்டரிடம் விட்டேன். முதல் 2, 3 நாள்தான் பொல்லாதது, சில கிழமைகளில் தணியும் என்று சொல்லி அனுப்பினேன்.

படி பார்த்துக் கொடுக்கும் உதவி, பார்க்காமல் கொடுப்பதைவிட மேல் என்று காட்ட முடியவில்லை என்றே பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2010இன் கொக்ரேன் மீளாய்வும் சொன்னது. எனக்கு ஆச்சரியமில்லை. காலையில் யோசிப்பவர் பின்னேரம் ஆயத்தமாகி நிற்பார். ஆனாலும் கேட்பதை நான் விடவில்லை. கேட்டால்தான் ஆள் வாய் திறக்கிறார். 'இன்னும் ஆயத்தமில்லை' என்று நானே முடிவு கட்டி மருந்தைத் தள்ளிப்போடுவதைத்தான் விட்டுவிட்டேன்.

மூன்றாவது கிளினிக்கில் நாட்டாமி ஐயா தானாகவே கேட்டார்: "மிஸ், அந்த முதல் சிகரட்ட மட்டும் கொஞ்சம் தள்ளிப்போட ஏதும் வழி இருக்கா?"

படிவத்தை அப்பால் வைத்துவிட்டு, விடிய எத்தனை மணிக்கு எழும்புவார் என்று கேட்டேன்.