கலர் புரொஃபைலின் தலைப்பில் எட்டு பைட்டுகள்

ஒரு சாதனம் வண்ணங்களை எப்படிக் கையாள்கிறது என்பதை விவரிக்கும் கோப்பே கலர் புரொஃபைல். சர்வதேச வண்ணக் கூட்டமைப்பின் (ஐசிசி) விதிப்படி அமைந்த புரொஃபைல் ஒவ்வொன்றும் 128 பைட் நீளமுள்ள தலைப்புப் பகுதியுடன் தொடங்குகிறது. அதில் 56 முதல் 63 வரையுள்ள எட்டு பைட்டுகள், அந்தப் புரொஃபைல் எத்தகைய ஊடகத்துக்கு உரியது என்பதைக் குறிப்பதற்கானவை. புரொஃபைல் உருவாக்கும் நிரலை எழுதுபவர்கள் இந்த இடத்தை நிரப்பாமல் விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த 64 பிட்டுகளில் கடைசி நான்கைப் பார்ப்போம். பிட் 0, ஊடகம் ஒளியை எதிரொளிப்பதா ஊடுருவவிடுவதா என்பதையும், பிட் 1 பளபளப்பானதா மேட்டா என்பதையும், பிட் 2 பாசிட்டிவா நெகட்டிவா என்பதையும், பிட் 3 வண்ணமா கறுப்பு வெள்ளையா என்பதையும் சொல்கின்றன. ஒவ்வோர் இணையிலும் முதலில் உள்ளதற்கு 0, அடுத்ததற்கு 1. ஆகவே எதையும் எழுதாமல் விட்ட புரொஃபைலும் ‘எதிரொளிக்கும், பளபளப்பான, பாசிட்டிவ், வண்ண ஊடகம்’ என்று அறிவித்துவிடுகிறது. மேட் தாளில் அச்சிட்டு, பொறுமையாக அளந்து உருவாக்கிய புரொஃபைல் தன்னைப் பளபளப்பான தாளுக்கு உரியதாகச் சொல்லிக்கொண்டால், அதைப் படிக்கும் நிரலுக்கு உண்மையை அறிய இந்தப் புலத்தில் வேறு தடயம் எதுவும் இல்லை.

புரொஃபைல்களைக் கையாளும் லிட்டில் சிஎம்எஸ் என்ற நிரல் லைப்ரரியில் இந்தப் பண்புகளைப் படிக்க ஒரு பங்ஷனும் எழுத ஒரு பங்ஷனும் உள்ளன. எழுதும் பங்ஷன் 64 பிட் மதிப்பு முழுவதையும் மாற்றிவிடும். மேல் 32 பிட்டுகள் சாதனத் தயாரிப்பாளரின் சொந்தப் பயன்பாட்டுக்கு விடப்பட்டவை என்பதால், இருக்கும் மதிப்பை முதலில் படித்து, வேண்டிய பிட்டை மட்டும் மாற்றி, பிறகு எழுதுவதே முறை. ஊடுருவும் ஊடகத்துக்கு 1, மேட்டுக்கு 2 என்று மாறிலிகள் உள்ளன. பளபளப்புக்கான மாறிலி 0 என்பதால், அதை ‘ஆர்’ செயலால் (இரு பிட்டுகளில் ஒன்று 1 ஆனாலும் 1 தருவது) சேர்ப்பது எந்த விளைவையும் தராது. மேட் பிட்டை நீக்க ‘அண்ட்’ செயலும் (இரு பிட்டுகளும் 1 ஆனால் மட்டுமே 1 தருவது) மேட் மாறிலியின் நிரப்பு மதிப்பும் (0, 1 இரண்டையும் இடம் மாற்றியது) தேவை.

புரொஃபைலின் எண்கள் பிக் எண்டியன் வரிசையில், அதாவது உயர் மதிப்புள்ள பைட் முதலில் வரும்படி, சேமிக்கப்படுவதால், எழுதிய 2 கோப்பின் 63ஆம் பைட்டில் தெரியும். புரொஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து எம்டி5 என்ற முறையில் பெறப்படும் அடையாள எண்ணைக் கணக்கிடும்போது சுழியமாகக் கொள்ளப்படும் புலங்களில் ஐசிசி விதி இந்தப் பண்புகளைச் சேர்க்கவில்லை. எனவே, மாற்றிய பின் அடையாளத்தையும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

இந்தப் பிட்டுகளை மாற்றுவதால் புரொஃபைலிலுள்ள அட்டவணைகளோ வளைவுகளோ மாறுவதில்லை. ஆயினும் பல புரொஃபைல்களை ஒன்றாக இணைத்து உருவாக்கும் டிவைஸ் லிங்க் புரொஃபைலின் வரிசை விவரத்தில் ஒவ்வொரு சாதனத்துக்கும் இதே பண்புகளுக்கென இடம் உண்டு. மூலத்தில் நேர்ந்த பிழை அங்கும் பதிந்துவிடும்.