டேப் ஒட்டிப் பார்த்த ஐலண்ட்

சமையலறைத் தரையில் தங்கை காகித டேப்பை ஒட்டி முடித்தாள். ஆறடி நீளம், மூன்றடி அகலம். அங்கேதான் கிச்சன் ஐலண்ட், அதாவது சுவரை ஒட்டாமல் சமையலறை நடுவே தனியாக நிற்கும் மேடை, வரப்போகிறது.

ஓவன் கதவை முழுவதும் திறந்து பார்த்தோம். கதவின் விளிம்புக்கும் டேப்புக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. சூடான தட்டை எடுப்பவர் எங்கே நிற்பார்?

டேப்பை உரித்து, அகலத்தை இரண்டடியாக்கி மறுபடி ஒட்டினாள். அறைக்கே மூச்சு வந்தது.

ஒருவர் சமைக்க நடைவழி 42 அங்குலமாவது வேண்டும். இருவர் என்றால் 48. கல்லின் நிறமும் மேலே தொங்கும் விளக்கும் அதற்குப் பிறகுதான். படங்களைப் பார்த்து மயங்குகிறோம், ஆனால் படத்துக்குள் யாரும் நடமாடுவதில்லை.

உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டுமென்றால் ஆளுக்கு 24 அங்குல அகலம் தேவை. முழங்கால் இடிக்காமலிருக்க மேடைக்கல் 12 முதல் 15 அங்குலம்வரை வெளியே நீண்டிருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது வெறும் மேடைதான். சிங்க் வைத்தால் தரைக்கடியில் குழாய், அடுப்பு வைத்தால் புகைபோக்கி என்று வேலை வளரும். அதைவிட, காய் நறுக்குபவர் சுவரைப் பார்க்காமல் வீட்டாரின் முகம் பார்த்துப் பேசிக்கொண்டே நறுக்கலாம் என்பதுதான் ஐலண்டின் பெரிய வரம். அந்த இடத்தை அடுப்புக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

சின்ன சமையலறை என்றால் சக்கரம் வைத்த மேசையே போதும். சக்கரத்தில் பூட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.