கனடாவில் ஒரு பழைய இராணுவத் துவக்கு வாங்குதல்

ஒன்ராறியோ மாகாணத்தில் மிசிசாகா நகரின் தென்கிழக்கு மூலையில், லேக்ஷோர் வீதியோரமாக, செங்கல்லால் கட்டிய நீண்ட பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. இன்று அங்கே கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது லோங் பிராஞ்ச் துவக்குத் தொழிற்சாலையின் ஒரு பகுதியாக இருந்தது. 1940 இல் அரசு தொடங்கிய ஸ்மோல் ஆம்ஸ் லிமிடெட் என்ற நிறுவனம் அங்கே பிரித்தானிய வடிவமைப்பான லீ-என்ஃபீல்ட் இராணுவத் துவக்குகளை ஏறத்தாழ ஒன்பது இலட்சம் செய்து முடித்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். போர் முடிந்தபின் படைகள் கழித்துவிட்ட அந்தத் துவக்குகள் மலிவு விலைக்கு மக்களிடம் வந்தன. இந்த நாட்டின் கிராமப்புற வீடுகள் பலவற்றில், தாத்தா மான் வேட்டைக்குக் கொண்டுபோனது என்று சொல்லப்படும் ஒரு .303 துவக்கு, அதாவது அந்த அளவு ரவையைச் சுடும் லீ-என்ஃபீல்ட், இன்றும் இருக்கிறது. குறைந்த செலவில் ஒரு துவக்கு வாங்க விரும்பிய எனக்கு அதுவே பொருத்தமாகப் பட்டது.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்குத் துவக்கு என்றால் சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு, பதுங்குகுழி என்பவைதான் நினைவுக்கு வரும். ஆகவே, வேலையிடத்து நண்பர்களோடு இலையுதிர்காலத்தில் மான் வேட்டைக்குப் போக விரும்புகிறேன் என்று சொன்னபோது என் மனைவி அதிர்ந்தது நியாயமானதே. இந்த நாட்டின் விண்ணப்பப் படிவமும் அவருடைய இடத்தை மதிக்கிறது. துவக்கு வைத்திருக்கவும் வாங்கவும் உரிய அனுமதிப்பத்திரத்துக்கான படிவத்தில் வாழ்க்கைத் துணையின் கையொப்பத்துக்கு ஓர் இடம் உண்டு. அவர் கையொப்பமிடாவிட்டால், விண்ணப்பம் வந்திருக்கும் செய்தியை அதிகாரிகள் அவருக்கு அறிவிப்பார்கள். மனைவிக்குத் தெரியாமல் கணவன் ஒரு துவக்கை வீட்டுக்குக் கொண்டுவருவதை இந்த ஏற்பாடு தடுக்கிறது. இதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். நாங்கள் பல மாலைகள் பேசினோம். வீட்டில் எங்கே வைப்பது, சாவி யாரிடம் இருப்பது, பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்பவற்றை முடிவு செய்த பிறகே அவர் கையொப்பமிட்டார்.

அந்தப் படிவம் இன்னும் பலவற்றைக் கேட்கிறது. வன்முறை, மிரட்டல், மனநலச் சிகிச்சை ஆகியவற்றோடு அண்மைக் காலத்து மணமுறிவு, வேலையிழப்பு பற்றியும் கேள்விகள் உண்டு. போரைக் கடந்து வந்த எங்களில் பலர் மனச்சோர்வுக்கு மருத்துவரைப் பார்த்திருக்கிறோம். ஆம் என்று எழுதினால் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும் என்று அஞ்சி இல்லை என்று எழுத வேண்டாம். ஆம் என்ற பதில் மேலதிக விசாரணைக்கு வழிவகுக்கலாம், ஆனால் அதுவே மறுப்பாகிவிடாது. பொய் எழுதுவதுதான் குற்றம். உங்களைக் குறைந்தது மூன்று ஆண்டுகளாக அறிந்த இருவரின் பெயரையும் கொடுக்க வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு இதுவே பெரிய தடை என்பதால், அந்த இருவர் யார் என்பதை முதலிலேயே யோசித்து வைப்பது நல்லது.

படிவத்துக்கு முன்னால் துவக்குப் பாதுகாப்புப் பயிற்சி இருக்கிறது. எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தனித்தனியே 80 சதவீதம் பெற வேண்டும். செய்முறைத் தேர்வில் துவக்கின் வாய் ஒரு கணம் தவறான திசையில் திரும்பினாலும் புள்ளி குறையும். அந்தக் கண்டிப்பை நான் விரும்பினேன். முதல் முறை விண்ணப்பிப்பவர்களுக்கு 28 நாள் கட்டாயக் காத்திருப்பும் உண்டு, நடைமுறையில் அதைவிட நீளும். வேட்டைக்கென்று ஒன்ராறியோவில் தனிப் பயிற்சியும் அட்டையும் வேறு. இவற்றுக்கெல்லாம் கட்டணம் உண்டு. துவக்கின் விலையை மட்டும் மனத்தில் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இங்கேயே தடுமாறுவார்கள்.

மலிவான இராணுவத் துவக்கு என்றால் பலர் ஒவ்வொரு வேட்டுக்குப் பின்னும் தானே அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் எஸ்.கே.எஸ். என்ற சோவியத் வடிவமைப்பையே சொல்வார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அது 200 டொலர் அளவில் கிடைத்தது என்பது உண்மைதான், ஆனால் அந்த விலை இன்று இல்லை. விலையை விடப் பெரிய கேள்வி சட்டம். 2020 மே மாதத்தில் ஏறத்தாழ 1,500 வகைத் துவக்குகள் தடைசெய்யப்பட்டன. 2022 இறுதியில் எஸ்.கே.எஸ். துவக்கையும் தடைக்குள் கொண்டுவரும் திருத்தம் நாடாளுமன்றத்துக்கு வந்து, பழங்குடி மக்களும் வேட்டைக்காரர்களும் எதிர்த்ததால் 2023 பெப்ரவரியில் மீளப் பெறப்பட்டது. சேமித்த காசில் ஒரே ஒரு துவக்கு வாங்குகிற குடும்பத்துக்கு இப்படிப்பட்ட ஐயம் ஏற்றதல்ல. லீ-என்ஃபீல்ட் ஒவ்வொரு வேட்டுக்கும் கையால் போல்ட்டை, அதாவது ரவையைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் இரும்புத் தண்டை, இழுத்துத் தள்ள வேண்டிய துவக்கு. அதைச் சுற்றி அத்தகைய சர்ச்சை எழவில்லை. வடபுலத்தைக் காவல் செய்யும் கனடிய ரேஞ்சர்கள் அண்மைக் காலம் வரை இதையே சுமந்தார்கள் என்பது அதன் உழைப்புக்குச் சான்று.

லீ-என்ஃபீல்ட் என்ற பெயரில் உள்ள லீ, அதன் போல்ட் அமைப்பை வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீ. ஸ்கொட்லாந்தில் பிறந்து, சிறுவயதில் பெற்றோரோடு இங்கே கோல்ற் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தவர். அந்த ஊர் இப்போது கேம்பிரிட்ஜ் நகரத்தின் பகுதி. இதை அறிந்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

இனி, குறைந்த காசில் எதைப் பார்த்து வாங்குவது என்பதற்கு வருகிறேன். படை கழித்தபோது இருந்த மரப்பாகம் முழுவதும் அப்படியே உள்ள துவக்குகளைச் சேகரிப்பவர்கள் தேடுவதால் விலை உயர்ந்துவிட்டது. வேட்டைக்காரர்கள் பாரம் குறைப்பதற்காக முன்பக்க மரத்தை அறுத்துவிட்டவை அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வேட்டைக்கு அவை எவ்விதத்திலும் தாழ்ந்தவையல்ல. மரம் அறுபட்டிருந்தாலும் குழல் அறுபடவில்லையா என்று பாருங்கள். லோங் பிராஞ்சில் செய்த லீ-என்ஃபீல்ட் வகையான நம்பர் 4 துவக்கின் குழல் முனையில், துப்பாக்கி முனைக்கத்தியை மாட்டுவதற்கான சிறு புடைப்புகள் இருக்கும். அவை இருந்தால் குழல் முழு நீளத்தில் உள்ளது என்று கொள்ளலாம், பின்னாளில் மரம் கிடைத்தால் பழைய உருவத்துக்கும் திருப்பலாம்.

குழலின் உட்புறம்தான் துவக்கின் உயிர். போல்ட்டைக் கழற்றி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்கும்போது ரவையைச் சுழலவைக்கும் சுருள் வரிகள் கூராகத் தெரிய வேண்டும். போர்க்காலத்தில் ஐந்து வரிகளுக்குப் பதிலாக இரண்டே வரிகள் வெட்டிய குழல்களும் செய்யப்பட்டன, அது குறையல்ல. துருவின் குழிகள்தான் குறை. பழைய இராணுவ ரவைகள் பலவற்றின் தீமூட்டியில் இருந்த இரசாயனம் சுட்டபின் உப்பாகப் படியும். அது ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, சுடுநீரே கரைக்கும்.

லோங் பிராஞ்சில் செய்தவற்றில் பெரும்பாலானவை மார்க் 1 ஸ்டார் என்ற வகை. அவற்றில் போல்ட்டைக் கழற்றுவதற்காக, அதன் தலை ஓடும் தடத்தில் வெட்டிய ஒரு சிறு இடைவெளி உண்டு. அதன் விளிம்பு தேய்ந்தோ உடைந்தோ இருந்தால், போல்ட்டை வேகமாக இழுக்கும்போது அதன் தலை தடத்தை விட்டுத் துள்ளிவிடும். விற்பவரிடம் அனுமதி கேட்டு, வெற்றுத் துவக்கில் போல்ட்டைப் பலமுறை இழுத்துப் பாருங்கள். போல்ட்டில் உள்ள இலக்கமும் துவக்கின் உடலில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால், ரவை அமரும் இடைவெளியைத் துவக்குத் திருத்துநர் ஒருவர் அளவுகோல் வைத்துச் சோதிக்கும் வரை சுடக்கூடாது. நல்ல வேளையாக நம்பர் 4 துவக்கில் போல்ட்டின் தலை தனியாகக் கழலும். வெவ்வேறு அளவுத் தலைகளால் அந்த இடைவெளியைச் சரிசெய்யலாம்.

நான் வாங்கியது 1943 இல் லோங் பிராஞ்சில் செய்தது. மரம் அறுபட்டது, இலக்கங்கள் ஒன்றானவை, ஆங்கில சி எழுத்துக்குள் அம்பு பொறித்த கனடிய அரச முத்திரை தெளிவாக உள்ளது. விற்றவர் வேட்டைக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒரு முதியவர். 2022 மே மாதத்திலிருந்து, கைமாறுவதற்கு முன் வாங்குபவரின் அனுமதிப்பத்திரம் செல்லுபடியாகிறதா என்று சோதித்து ஒப்புதல் இலக்கம் பெற வேண்டும். தனியார் விற்பனைக்கும் இது பொருந்தும். அதை அவர் செய்து முடிக்கும் வரை துவக்கு அவருடைய மேசையிலேயே இருந்தது.

வீட்டில் அது பூட்டிய பெட்டிக்குள், ரவை ஏற்றாமல், போல்ட் கழற்றியபடி இருக்கிறது. ரவைகள் வேறொரு பூட்டுக்குள். பெட்டிக்கும் பூட்டுக்குமான செலவை முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள். ரவை ஒன்று ஏறத்தாழ இரண்டு டொலர் என்பதால், சுடுதளத்தின் ஆண்டுக் கட்டணத்தையும் சேர்த்தால், ஓரிரு ஆண்டுகளில் அந்தச் செலவு துவக்கின் விலையைத் தாண்டும். நண்பர் ஒருவரும் நானும் வெற்று ரவைக்கூடுகளைச் சேர்த்து வருகிறோம்; அடுத்த பனிக்காலத்தில் அவற்றை மீள நிரப்பும் கருவியைப் பாதிப் பாதி காசு போட்டு வாங்குவதாகத் தீர்மானித்திருக்கிறோம்.