ட்கார் என்ற சொல்லும் ஆயாவின் வெற்றிலைப் பெட்டியும்

காஸி மாணவர் இயக்கத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, காசியில் எந்தக் கல்லூரி என்று கேட்டார்கள். நாளிதழ்கள் இரண்டையும் ஒரே எழுத்தில் அச்சிடுவதால் வரும் குழப்பம் இது. நான் சொல்வது கங்கைக் கரை ஊரை அன்று. மேகாலயாவின் ஷில்லாங்கிலும், நாம் பள்ளிப் பாடத்தில் சிரபுஞ்சி என்று படித்த சோராவிலும், சுற்றியுள்ள மலைகளிலும் வாழும் மக்களை. இவர்களின் மொழி கம்போடியாவின் கெமர் மொழியோடு உறவுடையது. பக்கத்தில் பேசப்படும் வங்காளத்துக்கும் அசாமியத்துக்கும் அதனோடு தொடர்பில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவின் மாடி வீடொன்றில், ஷில்லாங்கிலிருந்து மேற்படிப்புக்காக வந்த பெண் ஒருவர் மூன்று ஆண்டுகள் வாடகைக்கு இருந்தார். முதலில் என்னை அக்கா என்றார். அவர்கள் ஊரில் அதையே கொங் என்பார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு, அப்படியே கூப்பிடும்படி நானே கேட்டுக்கொண்டேன். ஒரு ஜனவரி மாதத்தில் அவரை மூலக்கொத்தளத்துக்கு அழைத்துச் சென்று நடராசன், தாளமுத்து நினைவிடத்தைக் காட்டினேன். கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்து சிறை சென்று, 1939இல் காவலில் இருக்கும்போதே நோயுற்று இறந்த இருவரின் கதையைச் சொன்னேன். அந்த மறியல்கள் நடந்த பள்ளி நாங்கள் அடிக்கடி துணி வாங்கப் போகும் சௌகார்பேட்டையில்தான் இருந்தது என்பதையும், 1965இல் மாணவர்கள் தெருவுக்கு வந்ததையும், இரண்டே ஆண்டுகளில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் விருதுநகரில் காமராசரையே தோற்கடித்ததையும் சொன்னேன்.

அவர் வியந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, எங்களுக்கும் மொழியில்தான் தொடங்கியது என்றார். 1960இல், அந்த மலைகளையும் அப்போது ஆண்ட அசாம் அரசு அசாமிய மொழியை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றியபோது, மலைப்பகுதித் தலைவர்கள் கட்சி வேறுபாடின்றி ஒன்றுகூடித் தனி மலைமாநிலம் கேட்டார்கள். அந்தக் கோரிக்கை 1972 ஜனவரி 21 அன்று மேகாலயாவாக நிறைவேறியது. மாநிலம் கிடைத்த பிறகும், வெளியாரின் வருகையால் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையாகிவிடுவோம் என்ற அச்சம் தீரவில்லை என்பதுதான் நாம் கவனிக்கவேண்டிய இடம். காஸி மாணவர் சங்கம் உருவானது 1978இல், அதாவது சொந்த மாநிலம் அமைந்து ஆறு ஆண்டுகள் கழித்து. ரத்தத்தால் காஸி, தற்செயலால் இந்தியர் என்ற முழக்கம் ஷில்லாங் சுவர்களில் எழுதப்பட்டதும் அதன் பிறகுதான்.

இந்த அச்சத்தை வெறும் இனவெறி என்று ஒதுக்குவது எளிது. நானும் முதலில் அப்படித்தான் ஒதுக்கினேன். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி காஸி மொழி பேசுவோர் ஏறத்தாழ 14 லட்சம் பேர்; அதே கணக்கெடுப்பில் அன்றைய சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 46 லட்சத்துக்கும் மேல். ஒரு முழு மொழியும், அதன் கதைகளும், அதன் குல வழக்கங்களும், நம் நகரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களின் நாவில் நிற்கின்றன. பக்கத்தில் திரிபுராவின் பழங்குடியினர் தம் மண்ணிலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டார்கள் என்பது ஷில்லாங்கில் கல்லூரிக்குப் போகும் எவருக்கும் மனப்பாடம். கோடிக்கணக்கில் இருந்துகொண்டே மொழி அழிந்துவிடும் என்று பதறிய நாம், அவர்களின் பதற்றத்தை மிகை என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

பாதுகாப்புகளும் இல்லாமல் இல்லை. 1971ஆம் ஆண்டின் நிலமாற்றச் சட்டத்தால் வெளியார் அங்கே எளிதில் நிலம் வாங்க முடியாது. அரசு வேலைகளில் காஸி, ஜைந்தியா மக்களுக்கு 40 விழுக்காடும் காரோ மக்களுக்கு 40 விழுக்காடும் ஒதுக்கப்பட்டுள்ளன. அரசியலமைப்பின் ஆறாம் அட்டவணையின் கீழ்த் தன்னாட்சி மாவட்ட மன்றங்கள் இயங்குகின்றன. இவற்றுக்கு மேல் மாணவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்பது உள்கோட்டு அனுமதி முறை. 1873ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டமொன்றிலிருந்து வந்த இம்முறை, நாகாலாந்திலும் மிசோரமிலும் இருப்பதுபோல, மாநிலத்துக்கு வெளியே இருந்து வருபவர் அனுமதிச் சீட்டோடுதான் நுழைய வேண்டும் என்கிறது. 2013இல் இதற்காகப் பெரிய கிளர்ச்சி நடந்தது. 2019 டிசம்பரில் மேகாலயச் சட்டமன்றமே இதைக் கேட்டு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

எனக்கு நெருடும் சொல் ஒன்று உண்டு: ட்கார். காஸி அல்லாதவர், குறிப்பாகச் சமவெளியிலிருந்து வந்தவர், என்று பொருள். 1979இல் வங்காளிகளும் 1987இல் நேபாளிகளும் ஷில்லாங்கில் தாக்கப்பட்டபோது அவர்களைச் சுட்ட இந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. இரண்டு, மூன்று தலைமுறைகளாக அங்கே பால் விற்றவர்களும் பள்ளியில் பாடம் நடத்தியவர்களும் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். என் தோழி அதைப் பூசி மெழுகவில்லை. தன் மாமா அந்த ஆண்டுகளைப் பற்றிப் பேச மறுப்பதைச் சொன்னார். பிறகு, எங்கள் தெருப் பையன்கள் தன்னை நேபாளி என்று கூப்பிடுவதைச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நான் கலந்துகொள்ள முடியவில்லை.

அவர் சொல்லித்தான் ட்கார் என்ற சொல்லின் இன்னொரு முகம் தெரிந்தது. காஸி மக்களிடம் குலம் தாய்வழியே வருகிறது. குடும்பச் சொத்து கடைசி மகளிடம் சேர்கிறது. ஆகவே ஒரு காஸி ஆண் வெளிப்பெண்ணை மணந்தால் பிள்ளைகளுக்குக் குலம் இல்லாமல் போய்விடும். இதற்குப் பழைய வழக்கத்திலேயே ஒரு வழி இருந்தது: அந்தப் பெண்ணை மூதாயாகக் கொண்டு புதிய குலம் ஒன்றைச் சடங்கு செய்து தொடங்கிவிடுவார்கள். இன்று கார் என்று தொடங்கும் குலப்பெயர்கள் பல அந்த ட்கார் மூதாயைத்தான் நினைவூட்டுகின்றன. வெளியாருக்கு எதிரான ஊர்வலத்தில் முழங்கும் மாணவர்களிலும் அப்படிப்பட்ட பெயர் உடையவர்கள் இருப்பார்கள்தானே என்று கேட்டேன். நிச்சயமாக இருப்பார்கள், நானே கண்டிருக்கிறேன் என்றார்.

அந்தக் கதவை மூடும் முயற்சியும் நடந்தது. காஸி அல்லாதவரை மணக்கும் காஸிப் பெண்ணும் அவள் பிள்ளைகளும் காஸி என்ற தகுதியை இழப்பார்கள் என்ற திருத்த மசோதா ஒன்றை 2018இல் காஸி மலை மாவட்ட மன்றம் நிறைவேற்றியது. தாய்வழிச் சமூகம் ஒன்று, தாயின் திருமணத்தைக் காரணம் காட்டிப் பிள்ளையின் குலத்தைப் பறிப்பது முரண் என்று அங்குள்ள பெண்கள் பலர் எதிர்த்தார்கள். என் தோழியும் இதில் கோபமாகத்தான் இருந்தார். எண்ணிக்கை குறைவதைக் கண்டு அஞ்சும் சமூகம் தன் பெண்களையும் பேரப்பிள்ளைகளையும் தானே கணக்கிலிருந்து அடித்துவிடலாமா என்பது அவர் கேள்வி.

இதையெல்லாம் நான் இவ்வளவு கூர்ந்து கேட்டதற்கு என் ஆயா ஒரு காரணம். வியாசர்பாடியில் இன்றும் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைகள் இருக்கும் பகுதியில் வாழ்பவர். ரங்கூனில் பிறந்து, அந்த மண்ணின் மொழியைத் தமிழைவிடச் சரளமாகப் பேசியவர். 1962இல் படைத்தலைவர் நே வின் பர்மாவில் ஆட்சியைப் பிடித்துக் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கிய பிறகு, நகையை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். அங்கே இந்தியர்களைக் கலா என்பார்கள். இங்கே வந்ததும் பர்மாக்காரி ஆனார்.

தோழியை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயாவிடம் அழைத்துப் போனேன். பேச்சுக்கு முன்பே வெற்றிலைப் பெட்டி திறந்துவிட்டது. காஸி வீடுகளிலும் விருந்தாளிக்கு முதலில் நீட்டுவது குவாய் எனப்படும் பாக்கும் வெற்றிலையும் சுண்ணாம்பும்தான். இறந்தவரைக் குறிப்பிடும்போது, கடவுளின் வீட்டில் குவாய் மெல்கிறார் என்று சொல்வார்களாம். ஆயாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. நான் இடையில் புகுந்து ட்கார் என்ற சொல்லை விளக்கினேன். அப்படிச் செய்தது நாகரிகக் குறைவுதான் என்று இப்போது தோன்றுகிறது.

"அதான் கலா. எல்லா ஊர்லயும் ஒண்ணு வெச்சிருப்பாங்க," என்றார் ஆயா, பாக்கை வெட்டிக்கொண்டே.

வீடு திரும்பும்போது பேருந்தில் தோழி நெடுநேரம் பேசவில்லை. மூலக்கொத்தளத்தைத் தாண்டியதும், அனுமதிச் சீட்டு முறை வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டால் இன்றைக்கும் போடுவேன், கொங், என்றார். உன் ஊருக்கு ஆயா வந்தால் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் எங்கள் நிறுத்தம் வந்துவிட்டது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது.